படுகை மண்ணும் பாஸ்போபாக்டீரியாவும்

வேளாண்மை விரிவாக்க மையத்தில் பாஸ்போபாக்டீரியா பொட்டலத்தைக் கையில் வாங்கியதும் விவசாயிகள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏன் சார், இதைப் போட்டா டிஏபி வேண்டாமா?" எதிரில் இருப்பவர் வேலை நெருக்கடியில், "கொறைச்சுக்கலாங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார். அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. மீதியைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

அசோஸ்பைரில்லமும் ரைசோபியமும் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றுகின்றன. வயலில் இல்லாத ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கின்றன. பாஸ்போபாக்டீரியாவால் அது முடியாது, ஏனென்றால் காற்றில் மணிச்சத்து கிடையாது. மண்ணில் ஏற்கெனவே கிடந்து, வேருக்கு எட்டாமல் கட்டுண்டுபோன மணிச்சத்தைக் கரைத்துத் தருவதுதான் அதன் வேலை. ஆகவே பொட்டலத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மண்ணில் கரைப்பதற்கு ஏதாவது இருக்கிறதா? பொட்டலத்துக்குள் இருப்பது உயிரோடு இருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் பலன் உண்டு. ஒன்று தவறினாலும் நீங்கள் வாங்கியது வெறும் கரித்தூள்தான்.

மூட்டையில் போட்டது எங்கே போகிறது?

50 கிலோ டிஏபி மூட்டையில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் இருக்கின்றன. தழைச்சத்து தண்ணீரோடு ஓடும், காற்றோடும் போகும். மணிச்சத்து விழுந்த இடத்தைவிட்டு அதிகம் நகராது. குருணை கரைந்த இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் தூரம் போனால் பெரிது. அந்தச் சிறு வட்டத்துக்குள் வேர் வந்து சேர்வதற்குள் மண் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிஎச் ஏழரைக்கு மேல் போன மண்ணில் பிடிப்பது கால்சியம், ஆறுக்குக் கீழே இறங்கிய மண்ணில் பிடிப்பது இரும்பும் அலுமினியமும். போட்ட மணிச்சத்தில் அந்தப் போகத்துப் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. மீதி மண்ணிலேயே தங்கிவிடுகிறது. வருஷா வருஷம் நெல்லுக்கு ஒரு மூட்டை, வாழைக்கு அதற்கும் மேலே என்று போட்டுவந்த நிலத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தச் சேமிப்பை எடுத்துத் தரும் வேலைக்குத்தான் பாக்டீரியா.

திருச்சி மாவட்டத்தில் எல்லா மண்ணும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. அங்கிருந்து கிழக்கே கல்லணை வரை இரண்டு ஆற்றுக்கும் நடுவே நீளும் தீவுதான் ஸ்ரீரங்கம். மேலூரிலிருந்து திருவானைக்காவல் தாண்டி உத்தமர்சீலி, கிளிக்கூடு வரை ஆற்று வண்டல் படிந்த படுகை நிலம் இது. மணலும் வண்டலும் கலந்து காற்றோட்டம் நன்றாக இருக்கும். பாக்டீரியாவுக்கு இதைவிடத் தோதான இடம் இந்த மாவட்டத்தில் இல்லை. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின், வெள்ளத்தோடு வந்து படியும் வண்டலில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. படுகைக்கு ஆறு போட்ட உரம் குறைந்து, மூட்டை உரம் கூடியது இப்படியும்தான்.

கொள்ளிடத்துக்கு வடக்கே லால்குடியைத் தாண்டிப் புள்ளம்பாடி, கல்லக்குடிப் பக்கம் போனால் கரிசலும் சுண்ணாம்பும். அங்கே சுண்ணாம்புக்கல் எவ்வளவு கிடக்கிறது என்பதற்கு 1939 முதல் நிற்கும் டால்மியா சிமெண்ட் ஆலையே சாட்சி. சிமெண்டுக்கு நல்லதான அதே கால்சியம் மணிச்சத்தைக் கட்டிப்போடுகிறது. அங்கே பாக்டீரியா சுரக்கும் அமிலத்தைச் சுண்ணாம்பே குடித்துவிடும் என்பதால், படுகையில் கிடைக்கும் பலனை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

தெற்கே மணிகண்டம், நவலூர் குட்டப்பட்டுப் பகுதி களர் நிலம். அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி 1989-இல் தொடங்கப்பட்டது இந்தக் களர் மண்ணின் மேல்தான். களருக்குத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 போன்ற நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தன. களரில் ஒரு விசித்திரம் உண்டு: பரிசோதனையில் மணிச்சத்து தாராளமாக இருப்பதாகவே வரும். சோடியத்தோடு சேர்ந்த பாஸ்பேட் நீரில் எளிதாகக் கரைவதால் அப்படி. ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி, உப்பை வடித்தபின் அந்த அளவு இறங்கத் தொடங்கும். எனவே களர் நிலத்துக்காரர் முதலில் செலவழிக்க வேண்டியது ஜிப்சத்துக்கும் வடிகாலுக்கும். பாக்டீரியா அடுத்த வேலை. சீர்திருத்தாத களரில் அது பிழைப்பதே பாடு.

மணப்பாறை, துறையூர்ச் செம்மண்ணைப் பற்றி இங்கே விரிவாகப் பேசவில்லை. அந்த மண்ணில் இரும்பு அதிகம், தொழு உரம் குறைவு. இரண்டாவதைச் சரி செய்யாமல் முதலாவதைச் சமாளிக்க முடியாது.

காரைக் காட்டுக் கல்

திருச்சிக்கும் மணிச்சத்துக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட தொடர்பு ஒன்று உண்டு. லால்குடிப் பக்கத்து ஊட்டத்தூரின் பெயரைத் தாங்கிய பாறை அடுக்கு, வடக்கே காரை, குலக்காநத்தம் வரை போகிறது. ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த இடம் அது. அந்தக் களிமண்ணுக்குள் பாஸ்பேட் உருண்டைகள் ஆங்காங்கே புதைந்து கிடக்கின்றன. அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் பெரம்பலூர் தாலுகாவில் இருந்த இந்தப் படிவை 1893-இல் டாக்டர் வார்த் என்ற நிலவியலாளர் அளந்து, 200 அடி ஆழம் வரை 80 லட்சம் டன் இருக்கும் என்று மதிப்பிட்டார். ஆனால் நூறு கன அடி மண்ணைத் தோண்டினால் 27 முதல் 47 பவுண்டு உருண்டைதான் தேறியது. அதைப் பொடித்துத் தென்னிந்தியக் காபித் தோட்டங்களுக்கு உரமாக விற்கும் முயற்சி நடந்தது. பெரிய தொழிலாக அது வளரவில்லை.

காபித் தோட்டம் ஏன்? மலை மண் அமில மண். கல் பாஸ்பேட்டை அந்த அமிலமே மெல்ல மெல்லக் கரைக்கும். காவிரிக் கரையின் காரப் பக்கம் சாய்ந்த மண்ணில் அதே பொடியைத் தூவினால் அடுத்த வருஷமும் பொடியாகவே கிடக்கும். இன்றும் 'ராக் பாஸ்பேட் மலிவு, இயற்கையானது' என்று சொல்லி நெல் வயலுக்கு விற்கிறார்கள். நேரடியாகப் போடாதீர்கள். கையில் இருந்தால் எருக்குழியில் சேருங்கள். மட்கும் குப்பையில் சுரக்கும் அமிலமும் அங்கே பெருகும் நுண்ணுயிரும் சேர்ந்து அதில் ஒரு பங்கையாவது கரைக்கும்.

பாக்டீரியா என்ன செய்கிறது?

கடையில் கிடைக்கும் பொட்டலத்தில் பெரும்பாலும் இருப்பது பேசில்லஸ் மெகாடீரியம். சில தயாரிப்புகளில் சூடோமோனாஸ் ஸ்டிரையேட்டா. இவை வேரின் ஓரத்தில் குடியிருக்கும். வேர் கசியவிடும் சர்க்கரைதான் இவற்றுக்குச் சாப்பாடு. குளுக்கோஸை ஆக்சிஜன் துணையோடு குளுக்கோனிக் அமிலமாக மாற்றுவது இவற்றில் பலவற்றின் முக்கிய வேலை. கூடவே சிட்ரிக், ஆக்ஸாலிக் அமிலங்களும் கொஞ்சம் வரும். அமிலம் பட்ட இடத்தில் பிஎச் இறங்கும். கால்சியத்தையும் இரும்பையும் அந்த அமிலங்கள் தம் பக்கம் பற்றிக்கொள்ள, பாஸ்பேட் விடுபட்டு வேருக்குக் கிடைக்கும். தொழு உரத்திலும் மட்கிய சருகிலும் உள்ள கரிம மணிச்சத்தைப் பிரித்தெடுக்க இவை பாஸ்பட்டேஸ் என்ற நொதியையும் சுரக்கின்றன. படுகையில் வாழைச் சருகும் தண்டும் நிறைய மட்கும் இடத்தில் இந்த இரண்டாவது வேலை முதலாவதற்குக் குறைந்ததல்ல.

ஆய்வகத்தில் இவற்றைக் கண்டுபிடிக்க 1948-இல் பிகோவ்ஸ்கயா தந்த முறை இன்றும் நடப்பில் இருக்கிறது. கரையாத கால்சியம் பாஸ்பேட் கலந்து பால்போல் வெளுத்த ஊடகத்தில் பாக்டீரியாவை வளர்ப்பார்கள். கரைத்தால் அதைச் சுற்றித் தெளிந்த வளையம் விழும். தட்டில் விழும் வளையம் வயலிலும் விழும் என்று நம்பிக் கெட்டவர்கள் உலகம் முழுவதும் உண்டு. சோவியத் ஒன்றியத்தில் இதே பேசில்லஸை 'பாஸ்போபாக்டீரின்' என்ற பெயரில் லட்சக்கணக்கான ஏக்கரில் போட்டார்கள். விளைச்சல் கூடியதாக அறிக்கைகள் வந்தன. அமெரிக்காவில் அதைச் சோதித்தவர்கள் 1962-இல் வெளியிட்ட முடிவில் அவ்வளவு உற்சாகம் இல்லை. எனக்கு இரண்டு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. தட்டில் பாக்டீரியாவுக்குச் சர்க்கரை வேண்டியமட்டும் உண்டு, போட்டிக்கு ஆள் இல்லை. வயலில் ஏற்கெனவே குடியிருக்கும் கோடிக்கணக்கான உயிர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். கரிமப் பொருள் இல்லாத மண்ணில் அதற்குச் சாப்பாடும் இல்லை. எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம். அதற்கு வழி மண் பரிசோதனை.

முதலில் மண்ணைப் பாருங்கள்

அறுவடை முடிந்து அடியுரம் போடுவதற்கு முன் மண் எடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம், வாய்க்கால் வாய் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஆங்கில 'வி' எழுத்துபோலக் குழி வெட்டி, குழியின் சரிவிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். நெல்லுக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் போதும், வாழைக்கு இரண்டு மடங்கு. எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்திக் கொடுங்கள். உர மூட்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். சாக்கில் ஒட்டிய டிஏபித் தூளையும் சேர்த்துத்தான் ஆய்வகம் அளக்கும்.

மண் பரிசோதனை அட்டை வந்ததும் இரண்டு எண்ணைப் பாருங்கள். ஒன்று பிஎச். மற்றொன்று எடுத்துக்கொள்ளத்தக்க மணிச்சத்து. தமிழ்நாட்டில் ஓல்சன் முறைப்படி அளந்து, எக்டருக்கு 11 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு, 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று வகைப்படுத்துகிறார்கள்.

அதிகம் என்று வந்தால், அந்த நிலத்துக்கு இந்த வருஷம் டிஏபியைத் தைரியமாகக் குறைக்கலாம், பாக்டீரியா போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. நடுத்தரத்தில் வருபவர்களுக்குத்தான் இந்தப் பொட்டலம் நன்றாகப் பயன்படும். பரிந்துரைத்த மணிச்சத்தில் நான்கில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு பாஸ்போபாக்டீரியா போடலாம். குறைவு என்று வந்த நிலத்தில், அதிலும் பல ஆண்டு மணிச்சத்தே போடாத நிலத்தில், உரத்தைக் குறைக்காமல் அதோடு சேர்த்துப் பாக்டீரியாவைப் போடுங்கள். கரைக்க இருப்பே இல்லாத இடத்தில் பாக்டீரியா மட்டும் என்ன செய்யும்?

குறைக்கும்போது ஒரு கணக்கு விட்டுப்போகும். நெல்லுக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி போடுபவர் கால் மூட்டையைக் குறைத்தால், மணிச்சத்தோடு இரண்டேகால் கிலோ தழைச்சத்தும் குறைகிறது. அதை ஈடுகட்ட 5 கிலோ யூரியா போதும். இதைச் செய்யாமல், 'பாக்டீரியா போட்டேன், பயிர் வெளுத்துப் போச்சு' என்று சொல்பவர்கள் உண்டு.

மறுபக்கமும் இருக்கிறது. மணிச்சத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால் துத்தநாகத்தைப் பயிர் எடுக்க முடியாமல் தடுமாறும். காவிரிப் பாசன நெல்லில் இலை நடுவே வெளுத்துத் துருப்புள்ளி விழுவதையும், வாழைக் குருத்து சிறுத்து வெளிறுவதையும் பார்த்து மறுபடி டிஏபி போடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற கதை. தாயனூர் அருகே 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம், 'பனானா சக்தி' என்ற நுண்ணூட்டக் கலவையை உருவாக்கியிருக்கிறது. வாழைக்காரர்கள் மணிச்சத்தைப் பற்றி யோசிக்கும்போதே துத்தநாகத்தையும் சேர்த்து யோசிப்பது நல்லது.

பொட்டலம் வாங்கும்போது

உயிர் உரம் 2006 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகிறது. பொடி வடிவில் விற்கும் பாஸ்போபாக்டீரியாவில் ஒரு கிராமுக்கு 5 கோடி உயிருள்ள பாக்டீரியாவும், திரவத்தில் ஒரு மில்லிக்கு 10 கோடியும் குறைந்தது இருக்க வேண்டும் என்பது அளவு. உங்களால் எண்ண முடியாது. ஆனால் தேதியைப் பார்க்க முடியும். பொடி தயாரித்த நாளிலிருந்து ஆறு மாதம், திரவம் ஏறக்குறைய ஒரு வருஷம் தாங்கும். ஆறு மாதம் என்பது நிழலில், குளிர்ந்த இடத்தில் வைத்திருந்தால். சித்திரை வெயிலில் திருச்சி 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரைக்கடியில் உர மூட்டையோடு அடுக்கிய பொட்டலம், தேதி முடியும் முன்பே செத்திருக்கும். கடைக்காரர் பொட்டலத்தை எங்கிருந்து எடுக்கிறார் என்று பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும்போது வண்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, டீக்கடையில் அரைமணி நேரம் உட்காராதீர்கள்.

நல்ல பொடி கையில் எடுத்தால் லேசாக ஈரமாக, பிடித்தால் பிடிபடும்படி இருக்கும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரித்தூள் போன்றவற்றில் கலந்து தயாரிப்பதால் கறுப்பாகத் தெரியும். காய்ந்து புழுதியாகப் பறந்தாலோ, அழுகல் வாடை அடித்தாலோ வாங்க வேண்டாம். வேளாண்மை விரிவாக்க மையங்களிலும், நவலூர் குட்டப்பட்டுக் கல்லூரியிலும், சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரியுங்கள். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் அரசின் உயிர் உர உற்பத்தி நிலையம் இருக்கிறது. எங்கே வாங்கினாலும் தேவைக்கு முந்தின வாரம் வாங்குங்கள், போன வருஷ மிச்சத்தைப் போடாதீர்கள்.

நெல்லுக்கு

ஒரு பொட்டலம் 200 கிராம். ஏக்கருக்கான விதைக்கு இரண்டு பொட்டலம். ஆறின அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் அரைமணி உலர்த்தி விதைக்கலாம். பூசணக்கொல்லியில் விதை நேர்த்தி செய்திருந்தால் 24 மணி நேரம் கழித்துத்தான் இதைச் செய்ய வேண்டும். நடவுக்கு முன் நாற்று முடியின் வேரை இரண்டு பொட்டலம் கரைத்த தண்ணீரில் கால்மணியிலிருந்து அரைமணி வரை நனைத்து நடலாம். வயலுக்கு நான்கு பொட்டலத்தைப் பத்துக் கிலோ மட்கிய தொழு உரம், பத்துக் கிலோ மணலோடு கலந்து தூவலாம். மூன்றையும் செய்ய ஆள் கிடைக்காது என்பவர்கள் வேர் நனைப்பதை மட்டும் விடாமல் செய்யுங்கள். பாக்டீரியா எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே கொண்டுபோய் வைக்கும் வழி அதுதான். திரவமாக வாங்கினால் அளவைப் புட்டியில் போட்டபடி எடுத்துக்கொள்ளுங்கள். அசோஸ்பைரில்லத்தையும் கூடவே கலக்கலாம், ஒன்றையொன்று கெடுக்காது.

இனி விளம்பரத் தாளில் சொல்லாத விஷயம். தண்ணீர் நின்ற சேற்று வயலில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும்போது இரும்பு உருமாறி, தான் பிடித்துவைத்த பாஸ்பேட்டைத் தானாகவே விட்டுவிடும். அதாவது நிற்கும் தண்ணீரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அமிலம் சுரக்க ஆக்சிஜன் வேண்டிய பாக்டீரியாவுக்கோ நெல் வேர் கசியவிடும் காற்றுதான் ஆதாரம். ஆகவே எப்போதும் தண்ணீர் கட்டும் சம்பா வயலில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம். காயவிட்டுப் பாய்ச்சும் வயலிலும், நாற்றங்காலிலும்தான் கண்ணுக்குத் தெரியும்.

அதே வயல் அறுவடைக்குப் பின் காயும்போது கதை திரும்புகிறது. விடுபட்ட பாஸ்பேட்டை மண் மறுபடி பிடித்துக்கொள்ளும். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன் ஈரத்தில் தெளிக்கும் உளுந்தும் பயறும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். வேர்முடிச்சுக்கு மணிச்சத்து நிறைய வேண்டும். நெல் தரிசில் அதற்கென்று யாரும் உரம் போடுவதுமில்லை. ஏக்கர் விதைக்கு ஒரு பொட்டலம் ரைசோபியம், ஒரு பொட்டலம் பாஸ்போபாக்டீரியா கஞ்சியில் கலந்து பூசித் தெளியுங்கள். என்னைக் கேட்டால், நெல்லுக்குப் போடுவதைவிட இந்த உளுந்துக்குப் போடும் பொட்டலத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

வாழைக்கு

படுகையில் பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி போடுபவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். வாழை ஒரு வருஷத்துக்குமேல் ஒரே இடத்தில் நிற்கும். தண்ணீர் தேங்காத மண்ணில் காற்று உண்டு, சருகு உண்டு, வேர்க்கசிவு உண்டு. பாக்டீரியா குடும்பம் நடத்த எல்லாம் இருக்கிறது. மரத்துக்கு வேண்டிய மணிச்சத்தும் ரகத்தையும் நிலத்தையும் பொறுத்து ஏறக்குறைய 35 முதல் 50 கிராம்தான். சாம்பல் சத்தோடு ஒப்பிட்டால் அது சொற்பம். ஆனால் நட்ட முதல் மாதங்களில் வேர் இறங்கும்போது அது கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கன்று குட்டையாக, இலை கரும்பச்சையாக நிற்கும். அடி இலையின் ஓரம் ரம்பப் பல்போலக் காயும்.

பரிந்துரை: கன்றுக்கு 20 கிராம் பாஸ்போபாக்டீரியா, 20 கிராம் அசோஸ்பைரில்லம். நடும்போது ஒருமுறை, ஐந்தாம் மாதம் உரம் வைப்பதற்கு முன் ஒருமுறை. ஏழடிக்கு ஏழடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 900 கன்று வரும். 20 கிராம் வீதம் பெருக்கினால் 18 கிலோ, அதாவது 90 பொட்டலம். நெல்லுக்குப் போட்ட பழக்கத்தில் நாலு பொட்டலத்தை ஏக்கர் வாழைக்குத் தூவிவிட்டு 'ஒண்ணும் தெரியலையே' என்பது இந்தப் பெருக்கலைச் செய்யாததால்தான்.

90 பொட்டலம் வாங்க முடியாதவர்கள் தொழு உரத்தில் பெருக்கலாம். நன்றாக மட்கிய, சூடு தணிந்த எரு அரை டன்னை மரநிழலில் பரப்பி, பத்துப் பதினைந்து பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, கொஞ்சம் வெல்லக் கரைசலும் விட்டுக் கிளறுங்கள். ஈரச் சாக்கால் மூடி, புட்டுப் பதத்துக்கு ஈரம் காத்து, நாலைந்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டு இரண்டு வாரம் வைத்தால் போதும். குழிக்கு அரைக் கிலோ வீதம் கன்றின் கிழங்கைச் சுற்றிப் போட்டு மண் தள்ளலாம். எரு பச்சையாக இருந்தால் சூடேறி எல்லாம் செத்துவிடும். உள்ளே கைவிட்டுப் பார்க்கும்போது சூடு தட்டினால் இன்னும் காத்திருங்கள்.

கன்றுக் கிழங்கைச் சீவி வாடல் நோய்க்கு மருந்தில் நனைத்து நடுபவர்கள் நிறைய. அப்படி நட்டால் பாக்டீரியாவை அன்றே வைக்காமல், குருத்து விட்டபின் முதல் மண் அணைப்பில் வையுங்கள். குழியில் சூப்பர் பாஸ்பேட்டோ யூரியாவோ போடும் அன்றே இதையும் சேர்த்து வைப்பது கூடாது. ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். சாம்பலோடு கலக்கவே வேண்டாம். வேம் எனப்படும் வேர் உட்பூசணம் கிடைத்தால் நடும்போது அதையும் குழிக்கு 25 கிராம் வைக்கலாம். பாக்டீரியா கரைத்துவிட்டதை, வேர் எட்டாத தூரத்திலிருந்து அந்தப் பூசணத்தின் இழைகள் இழுத்துவந்து கொடுக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் படுகை வாழையில் நான் சொல்லும் பலன் முழுதாகக் கிடைக்கும். தார் வெட்டியபின் மரத்தை ஆற்றோரம் இழுத்துப் போடாமல், தண்டைத் துண்டாக்கிக் காட்டிலேயே மட்கவிடுங்கள். அடுத்த சுற்றுக்குப் பாக்டீரியாவின் சாப்பாடு அது.

எட்டரை, கோப்புப் பக்கம் மல்லிகை போடுபவர்கள் கவாத்து செய்து எரு வைக்கும்போது இதே கலவையைச் செடியின் தூர் ஓரம் வைக்கலாம். கரும்புக்கும் சாலில் எருவோடு கலந்து போடுவதே வழி. இவற்றில் தனியாகச் சொல்ல வேறு நுணுக்கம் இல்லை.

பலன் தெரிகிறதா?

யார் சொன்னதையும், இந்த நூல் சொன்னதையும், உங்கள் வயலில் சோதித்துப் பாருங்கள். நெல்லில் ஒரு பாத்தியை, வாழையில் நான்கு வரிசையைப் பாக்டீரியா போடாமல் விடுங்கள். மற்ற உரம், தண்ணீர் எல்லாம் ஒன்றுபோல் இருக்கட்டும். கழி நட்டு அடையாளம் வையுங்கள், நினைவை நம்பாதீர்கள். நெல்லில் நட்ட இருபத்தைந்து முப்பது நாளில் தூர் எண்ணுங்கள். வாழையில் மூன்றாம் மாதம் தண்டின் சுற்றளவையும் இலை எண்ணிக்கையையும் நூல் பிடித்து அளந்து எழுதுங்கள். குலை தள்ளும் நாளில் முன்பின் இருக்கிறதா என்பதையும் குறித்துவையுங்கள். பச்சை கூடியிருப்பதை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், அது யூரியாவாலும் வரும்.

உளுந்தில் பார்ப்பது இன்னும் எளிது. பூக்கும் சமயத்தில் இரண்டு பக்கமும் பத்துப் பத்துச் செடியை மண்ணோடு தோண்டி, தண்ணீரில் அலசி முடிச்சை எண்ணுங்கள். ஒரு முடிச்சைக் கீறிப் பாருங்கள், உள்ளே சிவந்திருந்தால் வேலை செய்கிறது.

இரண்டு போகம் பார்த்தும் வித்தியாசம் இல்லையென்றால் அந்த நிலத்துக்கு இந்தப் பொட்டலம் வாங்குவதை நிறுத்திவிடுங்கள். அந்தப் பணத்துக்குத் தொழு உரம் வாங்குங்கள். மண் பரிசோதனையை மட்டும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை விடாமல் செய்யுங்கள். அடுத்த அட்டையில் மணிச்சத்து எண் ஏறியிருந்தால் டிஏபியை இன்னும் குறைக்கலாம், இறங்கியிருந்தால் குறைத்த கால் மூட்டையைத் திரும்பப் போடுங்கள்.